கிளிமஞ்சாரோவா, எல்ப்ரூஸா, கோட்டோபாக்ஸியா: டெல்டாக்காரருக்கு முதல் எரிமலை எது?

எங்கள் பக்கத்தில் மலை என்றால் சுவாமிமலை. அதுவும் கட்டுமலை, 60 படி ஏறினால் முருகன் சன்னிதி வந்துவிடும். தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லை, நாகப்பட்டினம் பக்கம் போனால் சில மீட்டர்தான். போன வாரம் அக்கா மகன் மன்னார்குடியிலிருந்து போன் செய்து, "மாமா, சம்பா அறுப்பு முடிந்ததும் ஒரு பெரிய எரிமலை ஏறணும், மூன்று பேக்கேஜ் பார்த்து வைத்திருக்கேன், எதுன்னு சொல்லுங்க" என்றான். போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அவனைப் போல யோசிக்கிறவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஏன் எரிமலை? எரிகுழம்பும் சாம்பலும் அடுக்கடுக்காகப் படிந்து வளர்ந்த மலை என்பதால், வழக்கமான பாதையில் பாறையில் தொங்காமல் நடந்தே வெகு உயரம் போய்விடலாம். நம்மைப் போன்ற சமவெளிக்காரர்களுக்கு அதுதான் வாய்ப்பு, ஆபத்தும் அதிலேயே இருக்கிறது, ஏனென்றால் கால் போகிற வேகத்துக்கு உடம்பு உயரத்துக்குப் பழகாது. 5,800 மீட்டரில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு இரவும் படுக்கும் இடம் முந்தின இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் நிற்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. எந்த பேக்கேஜைப் பார்த்தாலும் நான் விலைக்கு முன்னால் இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்ப்பேன்.

டான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர். கைடு இல்லாமல் ஏற அனுமதியே கிடையாது. ஆனால் கிளிமஞ்சாரோ என்று ஒரே பெயரில் விற்கப்படுவது உண்மையில் பல வேறு பயணங்கள், அங்கேதான் நான் அடிபட்டேன். நான் முதல்முறை போனது மராங்கு வழி, ஐந்து நாள், படுக்க மரக் குடில், விலையும் குறைவு. முதல் இரவு 2,720 மீட்டர், இரண்டாவது 3,720, மூன்றாவது நாள் 4,720, அன்று நள்ளிரவே உச்சிக்குக் கிளம்ப வேண்டும். நாளுக்கு ஆயிரம் மீட்டர்! பேக்கேஜ் விற்றவர் நான் எந்த ஊர், இதற்கு முன் எவ்வளவு உயரம் போயிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐயாயிரத்தைத் தாண்டியதும் வாந்தி, அப்புறம் நடை தள்ளாட ஆரம்பித்தது. கைடு என்னை நேர்கோட்டில் பத்து அடி நடந்து காட்டச் சொன்னார், முடியவில்லை, ஒரு பேச்சும் பேசாமல் தோளைப் பிடித்துக் கீழே திருப்பினார். மூளையில் நீர் கோக்கத் தொடங்குவதற்கான அடையாளம் அந்தத் தள்ளாட்டம் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மனிதரை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது முறை அதே மலை, லெமோஷோ வழி, எட்டு நாள். இதில் நான்காம் நாள் லாவா டவர் என்கிற 4,600 மீட்டர் இடம் வரை ஏற்றிவிட்டு, படுப்பதற்கு பராங்கோ முகாமுக்கு 3,960 மீட்டருக்கு இறக்குகிறார்கள். மேலே ஏறிக் கீழே உறங்கு என்கிற இந்த ஒரு நாள்தான் எல்லாவற்றையும் மாற்றியது. தலைவலி இருந்தது, ஆனால் சாப்பிட முடிந்தது, தூங்க முடிந்தது, எட்டாயிரம் மைல் தாண்டி வந்ததாகத் தோன்றிய அந்த உச்சியில் விடியலைப் பார்த்தேன். அதனால் மலையைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் இரவுகளை எண்ணுங்கள்.

எல்ப்ரூஸ் வேறு சங்கதி. ரஷ்யாவில், 5,642 மீட்டர், ஐரோப்பாவின் மிக உயர்ந்த சிகரமாகப் பொதுவாகக் கொள்வார்கள். தெற்குப் பக்கம் பழனி ரோப் கார் மாதிரி கேபிள் கார் 3,800 மீட்டர் சொச்சத்துக்குத் தூக்கிவிடும். அங்கிருந்து நம் ஊர் பெல்ட் அறுவடை மெஷின் போலப் பட்டைச் சக்கரத்தில் ஓடும் பனி வண்டி இன்னும் மேலே கொண்டுபோகும். கேபிள் கார் இறக்கிவிடும் இடத்துக் குடிலிலிருந்து நடந்தே போனால் உச்சி நாளில் 1,800 மீட்டர் ஏற வேண்டும் (கிளிமஞ்சாரோவில் கடைசி முகாமான பராஃபுவிலிருந்து 1,225 தான்), அதனால் பலர் வண்டி ஏறுகிறார்கள். சுலபம் போலத் தெரிகிறதா? முழுக்கப் பனி, காலில் கிராம்பான் (பனியில் வழுக்காமல் இருக்க ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்), கையில் பனிக்கோடரி, வானிலை நிமிடத்தில் மாறும். 2021 செப்டம்பரில் கைடுகளோடு போன குழு பனிப்புயலில் சிக்கி ஐந்து பேர் இறந்தார்கள். பனியையே பார்க்காதவர் முதல் மலையாக இதற்குப் போவதை நான் ஏற்கமாட்டேன். உத்தரகாசியிலோ டார்ஜிலிங்கிலோ அடிப்படை மலையேற்றப் பயிற்சியை முடித்துவிட்டுப் போனால் சரி. பணத்தைப் பற்றி ஒன்று: நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 முதல் அங்கே வேலை செய்வதில்லை, ரொக்கமாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

கோட்டோபாக்ஸி, ஈக்வடார், 5,897 மீட்டர். உயரத்தில் கிளிமஞ்சாரோவுக்கு இரண்டு மீட்டர்தான் கூட, ஆனால் மூன்றில் உயிரோடு கொதிக்கிற மலை இதுதான். 2015 ஆகஸ்டில் வெடித்து, உச்சி வழி இரண்டு வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. பணம் கட்டும் முன் மலை மூடினால் என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் இரண்டு நாள் என்று போட்டிருக்கும், 4,864 மீட்டரில் இருக்கும் குடிலில் தங்கி நள்ளிரவில் கிளம்புவது. அந்த இரண்டு நாளை நம்பி இங்கிருந்து நேரே போகவே கூடாது. 2,850 மீட்டரில் இருக்கும் கீட்டோ நகரத்தில் சில நாள், பிறகு பிச்சிஞ்சா, இலினிசா வடக்கு என்று அந்தப் பக்கத்து மலைகளில் ஐயாயிரம் வரை ஏறி இறங்கி, அப்புறம்தான் இது. எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது கயிறு. பனிப்பிளவுகள் இருப்பதால் ஒரு கைடோடு இரண்டு பேர் ஒரே கயிற்றில் கட்டப்படுவார்கள், கூட வந்தவருக்கு முடியவில்லை என்றால் உங்களுக்கு நல்ல தெம்பு இருந்தாலும் நீங்களும் இறங்கியாக வேண்டும். கிளிமஞ்சாரோவில் துணைக் கைடுகள் இருப்பார்கள், முடியாதவரை ஒருவர் அழைத்துப் போவார், மற்றவர்கள் தொடரலாம்.

நாட்காட்டியும் ஒத்துவர வேண்டும். கிளிமஞ்சாரோவுக்கு ஜனவரி முதல் மார்ச் நடு வரையும், ஜூன் முதல் அக்டோபர் வரையும் நல்ல காலம். எல்ப்ரூஸுக்கு ஜூலை, ஆகஸ்ட், அதாவது ஆடிப்பெருக்கு சமயம், குறுவை வயலில் நிற்கும், நிலம் வைத்திருப்பவர் எப்படிப் போவது? பிப்ரவரி கடைசியில் அறுத்த நெல்லை விற்றுவிட்டுக் கிளம்ப கிளிமஞ்சாரோதான் சௌகரியம்.

ஆக, மாப்பிள்ளை, உனக்கு லெமோஷோ எட்டு நாள். மிக மலிவாகச் சொல்கிற நிறுவனத்தைத் தொடாதே. எட்டு நாளுக்குப் பூங்காக் கட்டணமே ஆயிரம் டாலரை ஒட்டி வந்துவிடும், அதற்கு மேல் சொற்பம்தான் வாங்குகிறார்கள் என்றால் சுமை தூக்குகிறவரின் கூலியில்தான் கை வைத்திருப்பார்கள். ஆளுக்கு 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது அங்கே விதி, எடை போடுகிறார்களா என்று கேள். கைடு தினமும் உன் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கிறாரா என்று கேள். உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரிடம் கேட்டுத்தான் போட வேண்டும், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லிவிடு.

குளித்தலை அய்யர்மலையில் 1,017 படி இருக்கிறது, பத்து கிலோ பையோடு வாரம் இரண்டு முறை ஏறி இறங்கு. அது காலுக்கு மட்டும்தான் பயிற்சி, மூச்சுக்கு இங்கே எதுவும் கிடையாது. அம்மாவிடம் சொல்லி உப்பு நார்த்தங்காய் காயவைத்து வாங்கிக்கொள், நாலாயிரத்துக்கு மேலே வேறு எதுவும் வாய்க்குள் இறங்காத நாளில் எனக்கு அதுதான் கஞ்சியை உள்ளே அனுப்பியது.