குதிரை தாண்டும்போது எந்த லென்ஸ்: 70-200ஆ, 100-400ஆ?

கல்யாண மண்டபத்தில் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். தை பிறந்தால் அணைக்கட்டு, கணியம்பாடி பக்கம் காளை விடும் விழாவுக்குக் கேமராவோடு போய்விடுவேன். அந்தத் தைரியத்தில்தான் பெங்களூருவில் குதிரைகள் தடை தாண்டும் போட்டியை எடுக்க ஒத்துக்கொண்டேன். முதல் தடவை 100-400 மி.மீ. ஜூம் லென்ஸைக் கொண்டுபோனேன்; இந்த எண் கூடக்கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். அடுத்த இரண்டு தடவையும் 70-200 எஃப் 2.8; எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். இப்போது கைவசம் வைத்து ஓட்டுவது இதைத்தான்.

எட்டும் தூரத்தில் 100-400 ஜெயிக்கும், அதில் பேச ஒன்றுமில்லை. சர்வதேச விதிப்படி திறந்தவெளி மைதானமே குறைந்தது 4,000 சதுர மீட்டர். கோடியில் இருக்கும் தடை 200-இல் கடுகாகத்தான் தெரியும். ஆனால் எல்லாத் தடையையும் துரத்தினால் ஒரு படமும் அமையாது. ஒரே ஒரு ஆக்ஸரை, அதாவது முன்னும் பின்னுமாகக் கட்டை வைத்த அகலத் தடையைப் பிடித்து, முன்பக்கம் சாய்வாக நின்றால் 200 போதும். முன்னங்கால் இரண்டும் மடங்கி, காது முன்னால் விறைத்திருக்கும் கணம்தான் படம். காது பின்னால் மடிந்த படத்தைச் சவாரி செய்தவரே வாங்க மாட்டார்.

ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் கீழே இறங்கினால் குளம்பு கரைந்துவிடும். குதிரை மிரளும் என்பதால் ஃபிளாஷும் கிடையாது. பொழுது சாயும் நேரத்தில் 2.8-க்கு ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்; ஏற்றினால் படம் புள்ளி தட்டும்) 1600 போதுமென்றால், என் 100-400-இன் 6.3-க்கு 8000 வேண்டும்.

இதெல்லாம் கூடச் சமாளித்திருப்பேன். என்னைத் தோற்கடித்தது தூசி. 100-400 பெரும்பாலும் ஜூம் செய்யும்போது தும்பிக்கை மாதிரி நீளும். நீளும்போது காற்றை உள்ளே இழுக்கும், சுருங்கும்போது வெளியே தள்ளும். உள்ளே போன தூசி எல்லாம் திரும்பி வராது. மைதானத்து மணல் நம்மூர்க் காளை ஓடும் தெருப் புழுதியைவிடப் பொடி. தண்ணீர் தெளித்தாலும் பத்துக் குதிரை ஓடியதும் கிளம்பிவிடும். அன்று ராத்திரி காட்பாடியில் இறங்கி வீட்டுக்கு வந்து வளையத்தைத் திருப்பினேன். அம்மியில் ரவை அரைக்கிற மாதிரி நறநறவென்று சத்தம். கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு நிச்சயதார்த்தக் கூலி போனது. மூன்று வாரம் இரவல் லென்ஸில் ஓட்டினேன்.

70-200 2.8-இல் பெரும்பாலானவை உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும், நீளம் மாறாது. எல்லாமும் அல்ல: கேனான் ஆர்எஃப் வரிசையில் முதலில் வந்த 2.8 நீளக்கூடியது. வாங்குமுன் கடையிலேயே வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐப்பசி மழையில் வரும் பூஞ்சைக்கு இரண்டும் ஒன்றுதான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

எடையைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். 70-200 2.8 ஒன்றரைக் கிலோ பக்கம், மாலைக்குள் மணிக்கட்டு கெஞ்சும்; மோனோபாட் என்கிற ஒற்றைக்கால் தாங்கி இல்லாமல் போகாதீர்கள். என் அனுபவமும் மூன்றே போட்டிதான், அதுவும் வெயிலில்.

பழைய 100-400-ஐ வாங்க ஆற்காட்டிலிருந்து ஒரு தம்பி வந்தான். முன் கண்ணாடியில் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தான். "அண்ணே, உள்ள பாலாறே இருக்கே" என்று சொல்லிப் பாதி விலை கேட்டான். கொடுத்துவிட்டேன்.