‘எல்லாம் அடக்கம்’ என்ற பேச்சை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்

முதன்முதலாக வீடு வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்பணம் கொடுக்க நாள் குறித்திருந்தால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

கட்டுமானத்தில் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் வீடு வாங்கினோம். விற்பனைப் பிரிவில் இருந்தவர் ஒரு வெள்ளைத் தாளில் விலையை எழுதி, அதன் கீழே இரண்டு கோடு இழுத்தார். “எல்லாம் இதிலேயே அடக்கம் சார்” என்றார். பதிவுச் செலவும் இதில் சேர்ந்ததா என்று என் மனைவி கேட்டார். “அது பெரிய தொகை இல்லை மேடம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டு, மாதிரி வீட்டைக் காட்ட எங்களை அழைத்துப் போய்விட்டார். அந்தத் தாளில் நிறுவனத்தின் பெயர் இல்லை, தேதி இல்லை, கையெழுத்தும் இல்லை.

அச்சடித்த விலைப்பட்டியல் எங்கள் கைக்கு வந்தது முன்பணம் கட்டி ரசீது வாங்கிய பிறகுதான். கார் நிறுத்துமிடத்துக்குத் தனி, மின் இணைப்புக்குத் தனி, குடிநீர், கழிவுநீர் இணைப்புகளுக்குத் தனி. மேல் மாடி என்பதற்காக ஒரு கட்டணம், ஆவணங்கள் தயாரிக்க ஒரு கட்டணம், பராமரிப்புக்கு முன்கூட்டியே ஒரு வைப்புத்தொகை. இத்தனைக்கும் அடியில், பொடி எழுத்தில், ‘வரிகளும் பத்திரப் பதிவுச் செலவும் சேர்க்கப்படவில்லை’ என்று ஒரு வரி. கேட்டதற்கு, “எல்லோரும் கட்டுவதுதானே சார்” என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். விலகிக்கொள்ள நினைத்தால் முன்பணம் திரும்பி வராது. ரசீதின் பின்பக்கத்தில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. இந்த வரிசையை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. பணம் கைமாறும்வரை பட்டியலைக் கண்ணில் காட்டாமல் வைத்திருப்பது திட்டமிட்ட ஏமாற்று.

அடுத்த அடி கடனில் விழுந்தது. ‘விலையில் 80 சதவீதம் கடன் கிடைக்கும், நீங்கள் 20 போட்டால் போதும்’ என்பது அவர்கள் எங்களுக்குச் சொன்ன கணக்கு. கடன் கொடுப்பவர்கள் பொதுவாக விலை, தங்கள் மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதை வைத்தே கணக்கிடுகிறார்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீடு 92 என்று வந்தால், கடன் 73.6 தான். கையிலிருந்து போட வேண்டியது 20 அல்ல, 26.4. பதிவுச் செலவும் இதர கட்டணங்களும் அதற்கும் மேலே. சேமிப்பை எல்லாம் அந்த 20-க்கே திரட்டி வைத்திருக்கும் குடும்பம் அந்த நேரத்தில் எங்கே போகும்? அதிக வட்டிக்குத் தனிநபர் கடன், இல்லையென்றால் நகை. இதைத் தெரிந்துகொண்டே ‘20 போதும்’ என்று சொல்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதற்கும் மேல் காப்பீடு. கடன் முகவர் கொண்டுவந்த படிவக் கட்டில் பிரீமியம் முழுவதையும் ஒரே தடவையில் கட்டும் ஒற்றைத் தவணைக் காப்பீடு ஒன்றும் இருந்தது. “இது கட்டாயம் சார், இல்லாவிட்டால் கடன் நிற்கும்” என்றார். பிரீமியத்தைக் கையில் கேட்கவில்லை. கடன் தொகையிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆண்டுக்கு 9 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை என்றால், கடனில் ஏற்றும் ஒவ்வொரு 100-க்கும் கடைசியில் ஏறக்குறைய 216 கட்டி முடிப்போம். முதல் மாதத் தவணையில் 83 சதவீதம் வட்டிக்கே போகும். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்ததில், அந்தக் காப்பீடு கட்டாயம் என்று ஓரிடத்திலும் இல்லை. குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டும்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை நாமே விசாரித்துத் தனியாக வாங்க வேண்டும். கடனுக்குள் ஒளித்து நம் தலையில் கட்ட யாருக்கும் உரிமையில்லை.

கட்டிடம் முடியத் தாமதமாகத் தாமதமாக, விடுவித்த கடனுக்கு வட்டியும் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் சேர்ந்தே போயின. சொன்ன தேதியைத் தாண்டிச் சில மாதங்களுக்கு இரண்டையும் கட்ட முடியுமா என்று இப்போதே கணக்குப் போடுங்கள்.

சாவி வாங்கிய அன்று கதவைத் திறந்தால், விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் கூரையிலிருந்து இரண்டு ஒயர்கள் தொங்கின. மாதிரி வீட்டில் பார்த்த அலமாரி, விளக்கு, குளியலறைக் கண்ணாடித் தடுப்பு எதுவுமே விலையில் சேராதவை. சமையலறையில் ஒரு கல்மேடையும் குழாயும் மட்டும் இருந்தன. குடியேறத் தக்கதாக ஆக்குவதற்கே ஒரு பெரிய தொகை போனது. அதன் பிறகு சொத்து வரி, மாதப் பராமரிப்பு. இவை கடன் தீர்ந்தாலும் தீராதவை.

ஆகவே முன்பணத்துக்கு முன், சாவி கைக்கு வரும்வரை கட்ட வேண்டிய ஒவ்வொரு தொகையையும் நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டுத் தரச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாத எதையும் பின்னர் வசூலிக்க மாட்டோம் என்ற வரி அதில் இருக்கட்டும். மதிப்பீடு குறைந்தாலோ கடன் மறுக்கப்பட்டாலோ முன்பணம் திரும்ப வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தயங்குகிறார்களா? எழுந்து வந்துவிடுங்கள். ‘இன்று விட்டால் நாளை வேறொருவர் எடுத்துவிடுவார்’ என்பார்கள். எடுத்துக்கொள்ளட்டும்.

ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டவர்கள் காப்பீட்டு ஆவணத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். பல காப்பீடுகளில், வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க ஒரு குறுகிய அவகாசம் உண்டு. எங்களுடையதில் இருந்தது. அந்த அவகாசத்துக்குள் எழுதிக் கொடுத்து, பிரீமியத்தைக் கடன் கணக்கிலேயே வரவு வைக்கச் செய்தோம். கார் நிறுத்துமிடக் கட்டணத்தைப் பற்றிய எங்கள் புகாருக்கு இதுவரை பதில் இல்லை.