எழும்பூர் நர்சிங் கோச்சிங் சென்டர்: ஞாயிறு மதிய பேட்ச் எப்படி?

பி.எஸ்சி. நர்சிங் கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். இன்டர்ன்ஷிப் போஸ்டிங் ஓடிக்கொண்டிருக்கிறது. எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் இந்த சென்டரில் சேரலாமா என்று ஜூனியர்கள் பலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் போடுவதைவிட இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன்.

இங்கே இரண்டு பேட்ச், இரண்டும் வேறு வேறு விதம். காலை வகுப்பு எம்.ஆர்.பி. (தமிழக அரசு மருத்துவமனை நர்ஸ் வேலைக்கான தேர்வு), நார்செட் (எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கான தேர்வு) எழுதுகிறவர்களுக்கு. குறை சொல்ல ஒன்றும் இல்லை. பழைய கேள்விகளை நேரம் வைத்துப் போட வைக்கிறார்கள். நார்செட்டில் தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும் என்பதால் எதை விட்டுவிட வேண்டும் என்றும் பழக்குகிறார்கள். எம்.ஆர்.பி.க்குத் தமிழ் தகுதித் தாளில் 40 சதவீதம் வேண்டும் என்பதை நினைவுபடுத்தி அதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குகிறார்கள். இதே அளவுக்குச் சொல்லித்தருகிற இடங்கள் சென்னையில் இன்னும் பல உண்டு. நான் எழுத உட்கார்ந்தது மதிய வகுப்பைப் பற்றி. அது என்சிலெக்ஸ், அதாவது அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்க உரிமம் வாங்க எழுதும் தேர்வுக்கான பேட்ச்.

மதிய வகுப்பு எடுக்கும் மேடம் ஐ.சி.யூ.வில் பல வருடம் வேலை பார்த்தவர். வந்ததும் புத்தகத்தைத் திறப்பதில்லை. "இந்த வாரம் வார்டுல எது புரியல, சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். முதல் ஒரு மணி நேரம் நாங்கள் கொண்டுவரும் கேள்விகளுக்கே போகும். டியூட்டியில் ஸ்டாஃப் சிஸ்டர்களிடம் கேட்டால் அவர்களுக்கு நின்று பதில் சொல்ல நேரம் இருக்காது, அவர்கள் மேல் தப்பும் இல்லை. கல்லூரியில் கேட்டால் சிலபஸில் எந்த யூனிட் என்று கேட்பார்கள். கேள்வியை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் இருந்த எங்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் இந்த சென்டரின் மதிப்பு.

உதாரணத்துக்கு இன்சுலின். எங்கள் பேட்ச் பெண் ஒருத்தி கேட்டாள்: "மேம், புத்தகத்துல எல்லாம் நூறு யூனிட் இன்சுலின்னு போட்டிருக்கு, நம்ம வார்டு பாட்டில்ல நாற்பதுன்னு இருக்கே, எதைப் படிக்கறது?" மேடம் பையிலிருந்து இரண்டு சிரிஞ்ச் எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒன்று சிவப்பு மூடி, ஒன்று ஆரஞ்சு மூடி. சிவப்பு, ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் இன்சுலினுக்கு. ஆரஞ்சு, 100 யூனிட் இருப்பதற்கு. அமெரிக்காவில் சாதாரணமாகப் புழங்குவது 100தான், அதனால் தேர்விலும் அதுதான் வரும். நம் ஊர் மருந்துக் கடையில் இரண்டுமே கிடைக்கும். அப்புறம் 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்துக் காட்டி, "இப்ப எத்தனை யூனிட் உள்ள போகும்?" என்றார். கணக்குப் போட்டோம். அந்தக் கோடு அரை மில்லி. அரை மில்லியில் 50 யூனிட். 20 போட வேண்டிய இடத்தில் 50. வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. "எக்ஸாமுக்காக இல்லப்பா, நாளைக்கு டியூட்டிக்காகப் பாட்டிலையும் சிரிஞ்சையும் சேர்த்து வெச்சுப் படிங்க" என்றார். அடுத்த டியூட்டியில் நான் மூடி நிறத்தைப் பார்க்காமல் சிரிஞ்ச் எடுக்கவில்லை, இனியும் எடுக்க மாட்டேன்.

மருந்துப் பெயர்களும் அப்படித்தான். நமக்குப் பாராசிட்டமால், அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின், சால்பூட்டமால் அல்புட்டெரால், பெத்திடின் மெபெரிடின். இதற்கென்று சுவரில் பெரிய சார்ட் ஒட்டியிருக்கிறார்கள். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி தேர்வு விஷயம். 2023 ஏப்ரல் 1 முதல் என்சிலெக்ஸ் புது வடிவத்துக்கு மாறிவிட்டது. குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கொடுத்து அதை ஒட்டி ஆறு கேள்வி கேட்கும் பகுதி உண்டு. சில வகைக் கேள்விகளில் பாதி சரியாக இருந்தாலும் அதற்கேற்ற மதிப்பெண் கிடைக்கும். நாம் போடும் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும், போட்ட கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. நம் பரீட்சைப் பழக்கத்துக்கு இது நேர் எதிர். தெரியாததை விட்டுவைத்துக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பத்தாம் வகுப்பிலிருந்து பழகியவர்கள் நாம். இதை உடைக்க மேடம் ஒரு தாளுக்கு ஒரே ஒரு கேள்வி என்று அச்சடித்து வைத்திருக்கிறார். விடையைக் குறித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த தாள் கையில் வரும். ஆரம்பத்தில் பதற்றமாக இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்.

முதலில் யாரைப் பார்ப்பாய் என்ற வகைக் கேள்விதான் எல்லோரையும் கவிழ்க்கும். ஒன்றைச் சொல்கிறேன். நான்கு பேஷன்ட். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளி, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 90 சதவீதம். அறுவை முடிந்து இரண்டாம் நாள், வலி பத்துக்கு ஆறு. தைராய்டு ஆபரேஷன் முடிந்து மறுநாள், உதட்டைச் சுற்றிக் குறுகுறுவென்று இருக்கிறது என்கிறார். சர்க்கரை நோயாளி, வீட்டில் ஊசி போடுவதைப் பற்றிச் சந்தேகம் கேட்கக் காத்திருக்கிறார். வகுப்பில் பாதிக்கு மேல் 90ஐப் பார்த்ததும் அங்கே ஓடிவிட்டார்கள். மேடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அவருக்கு அது எதிர்பார்த்ததா, எதிர்பார்க்காததா?" அந்த நுரையீரல் நோயாளிக்கு 88 முதல் 92 வரை இருந்தாலே போதும் என்றுதான் ஆக்சிஜனே வைக்கிறோம். உதட்டுக் குறுகுறுப்புதான் எதிர்பாராதது. கழுத்தில் கத்தி வைத்தபோது, தைராய்டை ஒட்டி இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அடிபட்டிருந்தால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். குரல்வளைத் தசை இறுகினால் மூச்சு நின்றுவிடும். கால்சியம் இறங்கியிருந்தால், பி.பி. பார்க்கும் கஃபை சிஸ்டாலிக்குக்கு (பி.பி.யின் மேல் எண்) மேல் ஏற்றி மூன்று நிமிடம் வைத்தால் கை மடங்கி இழுத்துக்கொள்வதைப் பார்க்கலாம், கால்சியத்தை ஏற்றும் மருந்தான கால்சியம் குளுகோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று அந்த ஒரு விடையிலிருந்து வகுப்பு நீண்டுகொண்டே போனது. மற்ற மூன்று விடைகள் ஏன் இல்லை என்பதற்கும் அதே அளவு நேரம் கொடுத்தார். சர்ஜிக்கல் வார்டில் இப்போது தைராய்டு பேஷன்ட் இருந்தால் ரவுண்டு முடிந்ததும் நானாகப் போய், "வாய் பக்கம், விரல் நுனியில ஏதாவது மரத்த மாதிரி இருக்காம்மா?" என்று கேட்கிறேன். இது எனக்கு இந்த வகுப்பு கொடுத்தது.

எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்ற பகுதி நமக்கு இன்னும் கடினம், ஏனென்றால் நம் வார்டும் அந்தத் தேர்வில் வரும் வார்டும் வேறு. அங்கே குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நடக்கவைப்பது, நிலையாக இருக்கும் பேஷன்ட்டுக்கு பி.பி. பார்ப்பது எல்லாம் உதவியாளர் செய்வார். இங்கே அரசு மருத்துவமனையில் பாதி வேலை பேஷன்ட்டின் அம்மாவோ அண்ணியோ செய்கிறார்கள். மேடம் இதை ஒதுக்கித் தள்ளாமல், நம் வார்டில் யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று எங்களையே எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும், எந்த ஊராக இருந்தாலும் நர்ஸ் கையை விட்டுப் போகக் கூடாதவற்றுக்கு மட்டும் அடிக்கோடு போடச் சொன்னார். பேஷன்ட்டின் நிலையைக் கணிப்பது, சொல்லிக்கொடுப்பது, கொடுத்த சிகிச்சை வேலை செய்ததா என்று பார்ப்பது. அந்தத் தாளை இன்னும் நோட்டில் வைத்திருக்கிறேன்.

தேர்வையும் தாண்டி ஒன்றை இங்கே சொல்லித்தருகிறார்கள். டாக்டர் எழுதிய ஆர்டர் தப்பாகத் தெரிந்தால் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் என்ன செய்வது? இதைக் கேட்காத மாணவி இருக்க மாட்டாள், ஆனால் சத்தமாகக் கேட்கப் பயம். மேடம் இரண்டு பேரை நிற்கவைத்து ராத்திரி இரண்டு மணிக்கு டூட்டி டாக்டருக்குப் போன் பண்ணுவதுபோல் பேச வைத்தார். யார் பேஷன்ட், இப்போது என்ன நடக்கிறது, இதற்கு முன் என்ன, நான் பார்த்தது என்ன, எனக்கு என்ன வேண்டும், இந்த வரிசையில். "சார், பொட்டாசியம் 5.8 வந்திருக்கு, ஆர்டர்ல பொட்டாசியம் குளோரைடு டிரிப் இருக்கு, நிறுத்தி வெச்சிருக்கேன், நீங்க பார்த்துச் சொல்லுங்க." ஏற்கெனவே பொட்டாசியம் கூடியிருக்கும் பேஷன்ட்டுக்கு மேலும் பொட்டாசியம் ஏற்றச் சொல்லும் ஆர்டர் அது. யாரையும் குற்றம் சொல்லாமல் எண்ணைச் சொல்லிக் கேட்பது. எங்கள் பேட்சில் வாயே திறக்காத ஒரு பெண் மூன்றாவது முறை தடங்கல் இல்லாமல் பேசி முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். அறை சின்னது, ஆட்கள் அதிகம். ஏ.சி. வேலை செய்யாத நாளில் சித்திரை மாத மதியம் உட்காருவது கஷ்டம். அவர்கள் தரும் ஜெராக்ஸ் மெட்டீரியலில் கணிசமானது 2023க்கு முந்தைய கேள்வி முறை. அதை நம்பி உட்காராமல் ஆன்லைனில் புது வகைக் கேள்விகளைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். 14,000 ரூபாய் வாங்கிக்கொண்டு இதைக்கூடப் புதுப்பிக்காதது நியாயமில்லை.

அதைவிடப் பெரிய குறை, பதிவு, விசா பற்றிக் கேட்டால் முன்னறையில் இருப்பவர்கள் உடனே ஓர் ஏஜென்ட் நம்பரைக் கையில் கொடுப்பது. தயவுசெய்து அவசரப்பட்டு யாரிடமும் பணம் கட்டாதீர்கள். முதல் படி தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு. ஆபீஸ் மயிலாப்பூர் சாந்தோம் ஹைரோட்டில். அந்த எண் கையில் இல்லாமல் இங்கே வேலையும் இல்லை, வெளிநாட்டு விண்ணப்பமும் நகராது. வளைகுடா போக நினைப்பவர்கள் கிண்டியில் இருக்கும் தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷனில் முதலில் விசாரியுங்கள். 1978லிருந்து இருக்கிற அரசு நிறுவனம் அது. என்சிலெக்ஸ் எழுத வெளிநாடு போகவும் வேண்டாம், சென்னையிலேயே, அந்தத் தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் மையத்தில் எழுதலாம். ஆனால் 200 டாலர் தேர்வுக் கட்டணத்தோடு வெளிநாட்டு மையத்துக்காக இன்னும் 150 டாலர் சேரும், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு வீட்டில் பேசுங்கள். எங்கள் வீட்டில் அப்பா ஒரு சீட்டை அதற்காகவே ஒதுக்கியிருக்கிறார். அந்தக் காசு ஏஜென்ட் கைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு சேரலாமா என்றால், மதிய பேட்ச் என்றால் தாராளமாகச் சேருங்கள். வெறும் எம்.ஆர்.பி.தான் இலக்கு என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம் பாருங்கள். பணம் கட்டும் முன் ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கேட்டால் விடுவார்கள். போகும்போது வார்டில் புரியாத கேள்வி ஒன்றை எழுதி எடுத்துப் போங்கள். ஆறு மணிக்கு விடுவார்கள். குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில் இடைவெளி அதிகம் என்பதால் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.