“திட்டக் குழுவில் நம் ஆள் இருக்கிறார்” என்று சொல்லி மனை விற்கிறார்கள், கவனம்

குமரி மாவட்டத்தில் வீட்டு மனை தேடுகிறவர்கள், குறிப்பாக வளைகுடாவில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் படம் பார்த்து அட்வான்ஸ் அனுப்புகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணத்தை அனுப்புங்கள். நானும் குவைத்தில் வேலை செய்யும் என் தம்பியும் சேர்ந்து ஆறு சென்ட் வாங்கினோம். பத்திரம் எங்கள் பெயரில் இருக்கிறது, பட்டாவும் மாறிவிட்டது. ஆனால் அந்த இடத்தில் வீடு கட்ட அனுமதியும் கிடையாது, வங்கிக் கடனும் கிடையாது.

ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். நாகர்கோவிலில் இருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயல் அது. மண் அடித்து மேடாக்கி, வெள்ளையடித்த கல் நட்டு, கல்லில் சிவப்புப் பெயின்டில் மனை எண் எழுதியிருந்தார்கள். உள்ளே போகும் பாதை ஒரு வாய்க்காலைக் கடக்கிறது. வாய்க்காலுக்குள் இரண்டு சிமென்ட் குழாயைப் போட்டு மேலே மண்ணைத் தள்ளியிருந்தார்கள். இது யாருடைய வாய்க்கால் என்று கேட்டோம். “இப்போது இதில் தண்ணீர் வருவதே இல்லை, அண்ணாச்சி” என்றார் தரகர். நாங்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. அரசின் நில அளவை வரைபடமான புலப்படத்தில் அந்த வாய்க்கால் அரசுப் புறம்போக்கு என்று தெளிவாக இருக்கிறது.

மனைப் பிரிவுக்கு அப்ரூவல் இருக்கிறதா என்று கேட்டபோது ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நீட்டினார்கள். அதில் ஊராட்சித் தலைவர் பெயரில் ஒரு கடிதம், நகர் ஊரமைப்புத் துறைக்கு விண்ணப்பித்ததற்கான ரசீது, பிறகு ஒருவரின் விசிட்டிங் கார்டு. கார்டில் “திட்டக் குழு உறுப்பினர்” என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. அவரே நேரிலும் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. “மாஸ்டர் பிளானில் இது விவசாயப் பகுதி என்று இருக்கிறது, உண்மைதான். ஆறு மாதத்தில் குடியிருப்பாக மாற்றிவிடுவோம். கூட்டத்தில் உட்காருவது நாங்கள்தானே?” என்றார். மாஸ்டர் பிளான் என்பது எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் திட்டம். எல்லாமே இந்த ஒரு பேச்சின் மேல்தான் நின்றது.

திட்டக் குழு என்றதும் பலர் நினைப்பது மாவட்டத் திட்டக் குழுவை. அது அரசியல் சாசனத்தின் 74வது திருத்தத்தால் வந்தது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் மாவட்ட ஊராட்சியிலும் நகராட்சிகளிலும் ஏற்கெனவே மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்; அவர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிகளும் நகராட்சிகளும் தயாரிக்கும் திட்டங்களை ஒன்றாகச் சேர்த்து மாவட்டத்துக்கான வளர்ச்சித் திட்டத்தை வரைவது அந்தக் குழுவின் வேலை. எந்தச் சர்வே எண்ணில் வீடு கட்டலாம், எதில் கூடாது என்று சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை.

அந்த அதிகாரம் இருப்பது வேறொரு அமைப்புக்கு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன்படி அமைக்கப்படும் உள்ளூர் திட்டக் குழுமம் அது. இதற்குத் தேர்தல் கிடையாது. அரசு அறிவிக்கை வெளியிட்டு அமைக்கிறது, தலைவரை அரசே நியமிக்கிறது. உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் அரசு நியமிக்கும் மற்றவர்களும் உறுப்பினர்கள். கோப்புகள் உறுப்பினர் செயலர் வழியாக நகரும். இப்படி நியமனத்தால் வரும் அமைப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஊரில் பலருக்குத் தெரியாது என்பதைத்தான் இந்தக் கும்பல் பயன்படுத்திக்கொள்கிறது. வார்டு உறுப்பினர் என்றால் நாலு பேருக்கு முகம் தெரியும், பொய் சொன்னால் டீக்கடையிலேயே மாட்டிக்கொள்வார். குழும உறுப்பினர் என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம்.

சரி, அவர் உண்மையிலேயே உறுப்பினராக இருந்தால்தான் என்ன? ஒரு தனி உறுப்பினர் நினைத்து நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. மாஸ்டர் பிளானைத் தயாரிக்கும்போதே மக்களின் ஆட்சேபணைகளுக்குக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அப்படி இறுதியான திட்டத்தில் ஒரு துண்டு நிலத்தை மாற்றுவதென்றாலும் முறைப்படி விண்ணப்பித்து, அறிவிப்பு வெளியாகி, அரசின் அனுமதி வரை போக வேண்டும். ஊராட்சித் தலைவரின் கடிதமும் மனைப் பிரிவுக்கான அனுமதி ஆகாது. விண்ணப்ப ரசீது அனுமதி அல்ல என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனால் அதைக் காட்டித்தான் ஊரில் பாதி மனை விற்பனையாகிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு கேள்வி கேட்டு மனு போட்டேன். இந்தச் சர்வே எண்ணில் மனைப் பிரிவுக்கு அனுமதி தரப்பட்டுள்ளதா? குழுமத்தின் இப்போதைய உறுப்பினர்கள் யார்? அனுமதி வழங்கப்படவில்லை என்று பதில் வந்தது. இணைத்திருந்த பட்டியலில் தங்க எழுத்துக்காரரின் பெயர் இல்லை.

அனுமதி இல்லாத மனையைப் பதிவு செய்யக் கூடாதே, பிறகு எப்படிப் பதிவானது என்று கேட்பீர்கள். பத்திரத்தின் சொத்து விவரத்தில் மனை என்ற சொல்லே கிடையாது. மனை எண் இல்லை, சாலை இல்லை, நன்செய் நிலம் ஆறு சென்ட் என்று மட்டும் எழுதியிருக்கிறது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுப்பது அனுமதியற்ற வீட்டு மனைகளை. வயல் என்று எழுதினால் அந்தக் கேள்வியே எழுவதில்லை. பத்திரம் எழுதிய ஆள் அதை வாசித்துக் காட்டும்போது, “முத்திரைத் தாள் செலவு குறையும் என்பதற்காகத்தான் இப்படி” என்று சமாதானம் சொன்னார். நாங்கள் நடந்து பார்த்த இருபது அடிச் சாலையோ இன்றுவரை விற்றவர் பெயரிலேயே இருக்கிறது. முறையான மனைப் பிரிவில் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இங்கே நாளை அவர் வேலி போட்டாலும் கேட்க வழியில்லை.

“கவலைப்படாதீர்கள், வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம்” என்பது அடுத்த பொய். வரன்முறை என்றால் அனுமதியில்லாத மனையைப் பின்னர் சட்டப்படி ஆக்கிக்கொள்வது. 2017இல் வந்த வரன்முறை விதிகள் 20.10.2016 அன்றோ அதற்கு முன்போ விற்றுப் பதிவான மனைகளுக்கானவை. சமீபத்தில் மண் அடித்த வயலுக்கு அதில் இடமில்லை. மலையோரக் கிராமங்களில் இதே ஆட்கள் ரப்பர் தோட்டத்தையும் துண்டு போட்டு விற்கிறார்கள். அங்கே மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் இசைவு தேவைப்படும் கிராமங்கள் பல இருக்கின்றன. அது தனிக் கதை.

வங்கியில் சட்ட ஆலோசகர் கோப்பை இரண்டு நிமிடம் புரட்டினார். அனுமதி ஆணை எண் எங்கே என்று கேட்டார், கோப்பை மூடிவிட்டார். வாங்குகிறவர்களும் இந்த ஒரே கேள்வியை அட்வான்ஸுக்கு முன் கேட்டால் போதும். ஆணை எண்ணையும், அனுமதி முத்திரை உள்ள வரைபடத்தையும் வாங்கி, நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் நேரில் காட்டிச் சரிபாருங்கள். நில அளவு 500 சதுர மீட்டரைத் தாண்டி, எட்டு மனைக்கு மேலும் இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது.

காவல் நிலையத்தில் “இது சிவில் விஷயம்” என்று திருப்பி அனுப்பினார்கள். மனுவுக்கு ரசீது கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒழுங்குமுறை ஆணையத்தில் பணத்தை வட்டியுடன் திருப்பிக் கேட்டுப் புகார் கொடுத்திருக்கிறோம். அதே இடத்தில் வாங்கிய வேறு சிலரும் சேர்ந்திருக்கிறார்கள். சிலர் “வெளியே தெரிந்தால் மனையின் விலை போய்விடும்” என்று ஒதுங்கிவிட்டார்கள். எந்த விலை என்று எனக்குப் புரியவில்லை.

இதே ஆட்கள் இப்போது கல்குளம் தாலுகாவில் இன்னொரு ஏலாவில், அதாவது வயல்வெளியில், கல் நடுகிறார்கள். “திட்டக் குழு ஒப்புதல் பெற்றது” என்று நோட்டீஸில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், ஆணை எண் எங்கும் இல்லை. அந்த நோட்டீஸ் கையில் கிடைத்தவர்கள் தூக்கி எறியாமல் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். புகாருடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.