மூடுபனியும் சாய்தளமும்: குன்னூர் தேயிலை ஃபேக்டரி வண்டியில் ஆர்ஓஎஸ் 2 ஹம்பிள், மூன்றாம் ஆண்டு அனுபவம்

ரோபோக்களுக்கான திறந்த மென்பொருள் ஆர்ஓஎஸ் 2-இன் ஹம்பிள் பதிப்பு, அதன்மேல் வழி கண்டுபிடிக்கும் நேவ்2, கீழே சக்கரத்தை ஓட்ட ஆர்ஓஎஸ்2 கண்ட்ரோல். தேயிலைப் பெட்டி சுமந்து தானாக ஓடும் வண்டியில் இந்தக் கூட்டணி மூன்றாம் ஆண்டாக ஓடுகிறது. வழி கண்டுபிடிப்பதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ரோபோ மென்பொருளின் தரம் தெரிவது, வரவேண்டிய செய்தி வராமல் போகிற அந்த அரை நொடியில்தான். ஹம்பிளின் இயல்பு அமைப்புகளை அப்படியே விட்டுவைத்தால், மலையில் அந்த அரை நொடி ஆபத்தானது.

வண்டியின் விவரம்: சுமையோடு 200 கிலோ, அதிக வேகம் நொடிக்கு 0.8 மீட்டர், இரண்டு மோட்டார் சக்கரங்கள், தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் ஒரு 2டி லைடார் (ஒரே தளத்தில் லேசர் கதிர் சுழற்றித் தூரம் அளக்கும் கருவி), இயங்குதளம் உபுண்டு 22.04. சரிவை வெட்டிக் கட்டிய கட்டடம் என்பதால் சலிக்கும் அறைக்கும் பேக்கிங் அறைக்கும் நடுவே 5 டிகிரி சாய்தளம். கோயம்புத்தூரில் சமதளத்தில் சோதித்துக் கொண்டுவரும் வண்டிகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் பார்த்துக்கொள்ளும் ஆர்ஓஎஸ்2 கண்ட்ரோலின் பகுதி டிஃப் டிரைவ் கண்ட்ரோலர். புதிய வேகக் கட்டளை வராமல் அது காத்திருக்கும் நேரம், அதாவது டைம்அவுட், இயல்பாக 0.5 நொடி. மேலே நேவ்2 செத்துப்போனால், கடைசியாகக் கிடைத்த வேகத்தையே பிடித்துக்கொண்டு வண்டி 40 செ.மீ. ஓடும், பிரேக் பிடிப்பது அதற்குப் பிறகுதான். இதை 0.2 நொடி ஆக்கினால் 16 செ.மீ. அதற்கும் கீழே போகக் கூடாது. நேவ்2 கண்ட்ரோலர் 20 ஹெர்ட்ஸில் ஓடுவதால் கட்டளைக்குக் கட்டளை இடைவெளி 50 மில்லிநொடி. 0.2 என்றால் மூன்று கட்டளை தவறலாம். 0.1 வைத்தால் சிபியு கொஞ்சம் திணறும்போதெல்லாம் வண்டி குலுங்கிக் குலுங்கி நிற்கும், பெட்டி சரியும்.

இந்த டைம்அவுட் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. கம்ப்யூட்டரே உறைந்துவிட்டால் அதனால் பயனில்லை. அதனால் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டும் மோட்டார் டிரைவிலும் தனியாக ஒரு காவல் வேண்டும்: 100 மில்லிநொடிக்குள் புதிய கட்டளை வராவிட்டால் டிரைவ் தானாக நிறுத்த வேண்டும். பல டிரைவ்களில் இந்த வசதி இருந்தும், வாங்கி வரும்போது அணைத்தே வைத்திருக்கிறார்கள். கையேட்டில் தொடர்பு இழப்பு என்ற தலைப்பைத் தேடிப் பிடித்து, நேரத்தை எழுதிச் சேமித்து, மின்சாரத்தை நிறுத்திப் போட்டுப் பார்த்து, அந்த எண் அப்படியே இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்து, நிறுத்துவது என்றால் எதை? சமதளத்தில் மோட்டாரின் விசையை வெட்டினால் வண்டி நிற்கும். 5 டிகிரி சரிவில் 200 கிலோவைக் கீழே இழுக்கும் விசை சுமார் 170 நியூட்டன். விசை போன நொடியே வண்டி உருளத் தொடங்கும். மின்சாரம் போனால் ஸ்பிரிங் தானாக அழுத்திப் பிடிக்கும் பிரேக் இல்லாத மோட்டாரை மலைக்கு வாங்கவே வேண்டாம். இயந்திர மின்பாதுகாப்புத் தரம் ஐஇசி 60204-1 வகைப்படுத்தும் நிறுத்தங்களில் இங்கே பொருந்துவது வகை 1: முதலில் கட்டுப்பாட்டோடு வேகத்தைக் குறைத்து, பிறகு விசையை வெட்டுவது. சிவப்பு அவசரப் பொத்தான் நேராகக் கம்பி வழியே பாதுகாப்பு ரிலேக்கும், அங்கிருந்து, வேகம் குறைவதற்கான சிறு தாமதத்தோடு, டிரைவின் எஸ்டிஓ முனைக்கும் (மோட்டாரின் விசையை வெட்டும் முனை) போக வேண்டும். ஆர்ஓஎஸ் செய்தியாக அனுப்பும் அவசர நிறுத்தம் வசதிக்காக இருக்கலாம். பாதுகாப்புக் கணக்கில் அதைச் சேர்க்கவே கூடாது.

சாய்தளத்தில் லைடார் செய்யும் குழப்பம் தனி. சமதளத்தில் நின்று ஏற்றத்தைப் பார்க்கும்போது, 20 செ.மீ. உயரத்தில் கிடைமட்டமாகப் போகும் கதிர் சுமார் 2.3 மீட்டரில் சாய்தளத்தின் தரையிலேயே முட்டும். வரைபடத்தில் அங்கே சுவர் முளைக்கும். நேவ்2 திட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்கும்; கடைசியில் பின்வாங்கும், சுழலும், கைவிடும். இறங்கும்போதும் இதே கதை: வண்டி சமதளத்துக்கு வருவதற்கு முன், கீழே உள்ள தரையைச் சுவராக எடுத்துக்கொள்ளும். மேல் விளிம்பில் சமதளத்தில் நிற்கும்போதோ, இறக்கத்தில் 3 மீட்டர் தள்ளிக் கதிர் தரையிலிருந்து 46 செ.மீ. உயரத்தில் பறக்கிறது. கீழே கிடக்கும் சாக்கு கண்ணில் படாது. இதற்குச் செய்தது: சாய்தளத்தையும் அதன் இரு முனைகளையும் வேக வரம்புப் பகுதியாகக் குறித்து நொடிக்கு 0.3 மீட்டர், அந்தப் பகுதியில் தடை குறிக்கும் அதிக தூரத்தை 2 மீட்டராகக் குறைத்தல், தரையைச் சாய்வாகப் பார்க்கும் தூரமும் அளக்கும் ஒரு டெப்த் கேமரா. மூன்றில் கேமரா இல்லாமல் மற்ற இரண்டை மட்டும் செய்தால் போய்வரலாம். ஆனால் ஆள் நடமாடும் இடத்தில் அப்படி விடக் கூடாது.

மழைக்காலத்தில் சரக்கு ஏற்றும் வாசல் வழியே மூடுபனி உள்ளே வரும். லைடாரில் அது அருகிலேயே சிதறிய புள்ளிகளாகத் தெரியும். சிதறிய புள்ளிகளை நீக்கும் ஸ்பெக்கிள் ஃபில்டர் போட்டால் பெரும்பாலும் சரியாகும். இதைவிடக் கெட்டது, குளிர்ந்த வாசலில் நின்ற வண்டி ஈரப்பதம் நிறைந்த நொதிக்கும் அறைக்குள் நுழையும்போது லைடார் கண்ணாடியில் படியும் நீர்த்திவலை. கண்ணாடி மங்கினால் பல கதிர்கள் திரும்பாது. அவற்றின் தூரம் முடிவிலி என்று பதிவாகும். நேவ்2 வரைபடத்தில் தடைகளைக் குறிக்கும் தடை அடுக்கில் முடிவிலியைச் செல்லுபடியாகும் அளவாக எடுத்துக்கொள்ளும் ஓர் அமைப்பு உண்டு. இயல்பில் அது அணைந்திருக்கும். பெரிய கூடத்தில் பொய்த்தடைகளை அழிக்க அதை இயக்கச் சொல்வார்கள். இங்கே இயக்கினால், பார்வை போன திசையெல்லாம் காலி இடம் என்று அர்த்தமாகிவிடும். அணைத்தே வையுங்கள். பதிலாக, ஒவ்வொரு சுற்றிலும் திரும்பிய கதிர்களை எண்ணும் சிறு நோடு (ஆர்ஓஎஸ்-இல் தனியாக ஓடும் நிரல்) ஒன்று எழுதி, வழக்கமான எண்ணிக்கையில் பாதிக்குக் கீழே போனால் வண்டியை நிறுத்துவது நல்லது. சலிக்கும் அறையில் பறக்கும் பஞ்சு போன்ற தூசியையும் இதே நோடு கண்டுபிடித்துவிடுகிறது.

லைடார் முழுதாகவே மௌனமானால்? தடை அடுக்கில், செய்தி எத்தனை நொடிக்கு ஒருமுறை வர வேண்டும் என்ற எண் இயல்பாக 0. அதாவது சரிபார்ப்பே கிடையாது. பழைய படத்தை நம்பி வண்டி போய்க்கொண்டிருக்கும். அதை 0.3 ஆக்கினால், லைடார் நின்றதும் கண்ட்ரோலர் கட்டளை அனுப்பாமல் காத்திருக்கும். கீழே உள்ள 0.2 நொடி டைம்அவுட் சக்கரத்தை நிறுத்தும். இந்த இரண்டு எண்களும் சேர்ந்துதான் ஒரு பாதுகாப்பு.

ஆர்ஓஎஸ்2 கண்ட்ரோலின் அமைப்பு அழகானது: வாசி, கணக்கிடு, எழுது என்று ஒரே சுழல். அழகு குலைவது, ஆர்எஸ்-485 கம்பியில் மோட்பஸ் முறையில் கேள்வி-பதிலாகப் பேசும் டிரைவை மாட்டும்போது. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் (9600 பாட்), டிரைவின் இரண்டு நினைவிடங்களை (ரெஜிஸ்டர்) வாசிக்கக் கேள்வியும் பதிலுமாக 17 பைட். இடைவெளிகளோடு சுமார் 27 மில்லிநொடி. இயல்பான 100 ஹெர்ட்ஸ் சுழலுக்கு இருப்பதோ 10 மில்லிநொடி. 115200 பாடுக்கு உயர்த்தினாலும் ஒரு கேள்விக்கு 5 மில்லிநொடி ஆகிறது. இரண்டு சக்கரம், தலா ஒருமுறை வாசித்து ஒருமுறை எழுதுவது என்றால் 20 மில்லிநொடி போய்விடும். டிரைவ் யோசிக்கும் நேரம் தனி. வாசிப்பதையும் எழுதுவதையும் ஒரே கேள்வியில் முடிக்கும் மோட்பஸின் 23ஆம் எண் ஃபங்ஷன் டிரைவில் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். இல்லையென்றால் வேகமான கேன் பஸ் இணைப்பு உள்ள டிரைவே வாங்குங்கள். 500 கிலோபிட்டில் ஒரு முழுச் செய்தி கால் மில்லிநொடிதான். எந்த டிரைவானாலும் வாசிக்கும் ஃபங்ஷனுக்குள் சீரியல் போர்ட்டுக்காகக் காத்து நிற்கக் கூடாது. ஒரு கேபிள் தளர்ந்தால் முழுச் சுழலும் அதோடு நின்றுவிடும். தொடர்பைச் சுழலோடு இணையாக ஓடும் தனித் த்ரெட்டில் வைத்து, கடைசிப் பதிலின் வயதைச் சுழலில் பார்க்க வேண்டும்.

நெட்வொர்க்கில் ஒரே ஒரு கண்டிப்பு: லைடார், நேவ்2, கண்ட்ரோலர் மூன்றும் வண்டிக்குள்ளேயே. வைஃபையில் போவது வேலை உத்தரவும் நிலைச் செய்தியும் மட்டும். கல் சுவருக்கும் டிரையருக்கும் நடுவே வைஃபை அறுந்து அறுந்துதான் வரும். இரண்டு வண்டி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி டொமைன் எண் (ஒரே எண் உள்ளவை மட்டுமே ஒன்றின் செய்தியை ஒன்று கேட்கும்). எல்லாம் இயல்பான 0-இல் இருந்தால் ஒரு வண்டிக்கான வேகக் கட்டளையில் மற்றதும் ஓடும். நிரல் சோதிக்கும் லேப்டாப்பும் அதே ஆபத்துதான்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். பேட்டரி வைத்த கடிகாரச் சில்லு இல்லாத ராஸ்பெர்ரி பை 4 போன்ற போர்டு, இணையம் கிடைத்ததும் நேரத்தைத் தாவித் திருத்தும். அந்த நொடியில், வண்டியும் லைடாரும் எங்கே என்று நேரத்தோடு சொல்லும் டிஎஃப் மாற்றங்கள் எல்லாம் பழையதாகி நேவ்2 முடங்கும். டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்று போதும். நேரம் சரியான பிறகே மற்றவற்றைத் தொடங்க வேண்டும்.

உயரத்தின் பாதிப்பு மெதுவாகத்தான் தெரியும். 1000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் மின்னோட்டத்தை 1 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பல டிரைவ் கையேடுகள் சொல்கின்றன. குன்னூரின் 1850 மீட்டருக்கு 8 முதல் 9 சதவீதம், ஊட்டியில் 12. மின்னோட்ட வரம்பை மென்பொருளில் அதற்கேற்பக் குறைக்காவிட்டால், மதிய நேரத்தில் ஏற்றத்தின் நடுவில் டிரைவ் சூடேறி விழும். ஊட்டிப் பக்கம் உறைபனி இரவுகளில், செல் வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே இருந்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்குச் சார்ஜ் போடக் கூடாது என்ற விதியும் நிரலில் இருக்க வேண்டும்.

பேக்கிங் அறையில் சாக்கு அடுக்கும் ரோபோ கைக்கு இந்தக் கூட்டணியைப் பரிந்துரைக்க மாட்டோம். கை தயாரிப்பாளரின் கண்ட்ரோலரே அசைவைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆர்ஓஎஸ் எந்தச் சாக்கு எங்கே என்று மட்டும் சொல்லட்டும்.

ஹம்பிளுக்கான ஆதரவு 2027 மே மாதத்தோடு முடிகிறது. அடுத்த இடம் ஜாஸி பதிப்பு: உபுண்டு 24.04, 2029 மே வரை. மாறியதும் வண்டி அசையாமல் நின்றால் பதற வேண்டாம். ஜாஸியின் டிஃப் டிரைவ் கண்ட்ரோலர் நேரமுத்திரை உள்ள கட்டளையை மட்டுமே ஏற்கும். நேவ்2 இயல்பில் முத்திரை இல்லாமல் அனுப்பும். நேவ்2 பக்கம் முத்திரையை இயக்கிவிட்டால் ஓடும். அன்றைக்கே முழுச் சுமையோடு, ஈரத் தரையில், சாய்தளத்தில் இறங்கும்போது நேவ்2-ஐ வேண்டுமென்றே உறையவைத்து, வண்டி எத்தனை செ.மீ. தள்ளி நிற்கிறது என்று டேப் பிடித்து அளந்து எழுதிவையுங்கள். பிறகு டிரைவ் கேபிளைப் பிடுங்கி மறுபடி ஒருமுறை.