ஆர்வத்தேர்வா, ஆலோசகரா?

பள்ளி முடிக்கப்போகும் பிள்ளை அடுத்து என்ன படிப்பது, என்ன வேலைக்குப் போவது என்று முடிவெடுக்க, எந்த வேலை பிடிக்கும் என்று தாளில் கேட்கும் ஆர்வத்தேர்வுக்கு அனுப்புவதா, படிப்பு, தொழில் பற்றி வழிகாட்டும் ஆலோசகரிடம் அனுப்புவதா என்று தெரியாதவர்களுக்கு:

நேரம்
தேர்வு: ஒரே அமர்வில் முடிந்துவிடும்.
ஆலோசகர்: இரண்டு மூன்று சந்திப்பாவது வேண்டும்.

செலவு
தேர்வு: அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் (O*NET) ஆர்வத்தேர்வு போல இலவசமானவையும் உண்டு.
ஆலோசகர்: பள்ளியிலேயே இருந்தால் செலவில்லை. வெளியே என்றால் பணம்தான்.

என்ன கிடைக்கும்
தேர்வு: இவற்றில் பல, அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கோட்பாட்டில் நிற்பவை. அதில் ஆர்வங்கள் செய்முறை, ஆராய்ச்சி, கலை, சமூகம், தொழில்முனைவு, ஒழுங்குமுறை என்று ஆறு வகை. இது ஆர்வத்தைத்தான் அளக்கும், திறமையை அல்ல. ‘ஆய்வகத்தில் வேலை செய்யப் பிடிக்குமா?’ என்பதற்கு ‘மிகவும்’ என்று டிக் அடித்த பிள்ளை வேதியியலில் திணறுவது அந்தத் தாளுக்குத் தெரியாது.
ஆலோசகர்: “இது உன் ஆசையா, அப்பா ஆசையா?” என்று கேட்பார். பாதிப் பிள்ளைகள் அங்கேதான் வாயைத் திறக்கும். விண்ணப்பக் கெடு, உதவித்தொகை, கல்லூரி வேண்டாம் என்றால் தொழிற்பயிற்சி, எல்லாம் அப்புறம் பேசலாம்.

பாரபட்சம்
தேர்வு: எல்லோருக்கும் ஒரே கேள்வி.
ஆலோசகர்: ‘இது பெண்களுக்குச் சரிவராது’ என்பவரும் இருக்கிறார்.  

எதுவுமே பிடிபடாத பிள்ளைக்கு முதலில் தேர்வு. இரண்டு படிப்புக்கு நடுவே தவிப்பவர், வீட்டோடு கருத்து வேறுபாடு உள்ளவர் நேரே ஆலோசகரிடம் போகலாம். தேர்வு முடிவு கையில் இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள், பேச்சைத் தொடங்க உதவும்.