டர்பனில் பேஸ் கிட்டாரைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் பேஸ் வாசிக்கிறவர்கள், அதிலும் பழைய ஃபெண்டரோ மியூசிக் மேனோ வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். பழுதுபார்க்கக் கொடுத்த என் பேஸிலிருந்து இரண்டு பிக்கப்புகளையும் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும், காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட பாகங்கள்) கழற்றிக்கொண்டு, மட்டமான வேறு இரண்டை உள்ளே வைத்து, மேலே பழைய மூடிகளையே மாட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

அது 1978இல் செய்த ஃபெண்டர் ஜாஸ் பேஸ். என் தாய்மாமா வாங்கியது. டர்பனின் கேட்டோ மேனரில் இருந்து, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் வீட்டை இழந்து, சாட்ஸ்வர்த்துக்குத் தள்ளப்பட்ட குடும்பம் எங்களுடையது. பேஸ் கலைஞர் சிப்போ குமேடே பிறந்ததும் அதே கேட்டோ மேனரில்தான் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமா சொல்வார். துணி ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே, அன்று வெஸ்ட் ஸ்ட்ரீட் என்றிருந்த தெருவில் மாதத் தவணைக்கு இதை எடுத்தார். கல்யாணம், கோவில் விழா, ஓட்டல் என்று வாசித்துத்தான் கடனை அடைத்தார். விரல் மூட்டுகள் ஒத்துழைக்காமல் போனபோது என்னிடம் கொடுத்துவிட்டார். நெக் (கழுத்து) பக்கத்துப் பிக்கப்பின் மூடியில் அவருடைய கட்டைவிரல் ஊன்றி ஊன்றித் தேய்ந்த இடம் இன்னும் இருக்கிறது. அந்த மூடியைத்தான் அவர்கள் என்னை ஏமாற்றப் பயன்படுத்தினார்கள். எனக்கு ஆறாத விஷயம் அதுதான்.

நடந்தது இது. குளிர்காலத்தில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் சில கல்யாணங்களுக்கு எங்கள் குழு வாசிக்கப் போனது. அந்த மேட்டுநிலத்தில் குளிர்காலக் காற்று எலும்புவரை உலர்ந்தது. டர்பன் கடற்கரையின் ஈரத்தில் பழகிய மரம் அங்கே போனதும் சுருங்கும். விரல்பலகை சுருங்கினால் அதில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். நெக்கின் வளைவும் மாறித் தந்திகள் ஃப்ரெட்டில் பட்டு இரையும். கூடவே கேபிளைச் செருகும் ஜாக்கும் தளர்ந்து, கேபிளை அசைத்தால் படபடவென்று சத்தம். ஆக, கடையில் நான் கேட்டது இரண்டே வேலை: ஃப்ரெட் முனைகளைத் தேய்த்து நெக்கைச் சரிசெய்வது, ஜாக்கை மாற்றுவது. பிக்கப் பற்றிப் பேச்சே எழவில்லை. 1,850 ராண்ட் வாங்கினார்கள். ரசீதில் 'செட்டப், ஜாக்' என்று மட்டும் இருந்தது.

திரும்ப வாங்கும்போது கடையிலேயே வாசித்துப் பார்த்தேன். அங்கே வைத்திருந்தது எட்டு அங்குல ஸ்பீக்கர் போட்ட பயிற்சி ஆம்ப். அதில் எந்த பேஸும் ஒரே மாதிரிதான் கேட்கும். ஃப்ரெட் வேலை சுத்தமாக இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். கையில் வேலை தெரிந்தவர்கள்தான் இதைச் செய்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் சாட்ஸ்வர்த்தில் ஒரு கல்யாண மண்டபம். மேலே வரிசையாக டியூப் லைட். ஆம்பைப் போட்டதும் ஹம், அதாவது இடைவிடாத மின்சார இரைச்சல். ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் ஹம் வருவது இயல்பு. ஆனால் அதன் இரண்டு பிக்கப்புகளில் ஒன்றின் சுருள் எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்தத்தின் துருவமும் மாற்றி வைக்கப்பட்டிருக்கும். இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் மின்சாரத்திலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும், தந்தியின் ஒலி மட்டும் நிற்கும். மாமா எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த விஷயங்களில் அது ஒன்று: "மண்டபத்தில் இரைந்தால் இரண்டையும் திறந்துவிடு மருமகனே, அடங்கிவிடும்." அன்று இரண்டையும் திறந்தேன். அடங்கவில்லை, இன்னும் கூடியது.

பேஸ் வாசிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று தெரியும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கீழ்த் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டின் ஜி 49 ஹெர்ட்ஸ். அந்தச் சுரத்தை நீட்டிப் பிடித்தால் ஹம்மும் அதுவும் உரசி, ஒலி வினாடிக்கு ஒரு முறை அலைபோல் ஏறி இறங்கும். ஜி சுருதியில் பாடும் ஒரு பாட்டு முழுக்க இதைத் தாங்கிக்கொண்டு வாசிக்க வேண்டியிருந்தது. எண்பதுகளின் தமிழ்ப் படப் பாட்டுகளில் பேஸ் சும்மா தாளத்தோடு நடந்துபோவதில்லை. மேலும் கீழும் ஓடித் தனியாக ஒரு மெட்டே பாடும். அந்த ஓட்டங்களில் ஒவ்வொரு சுரமும் தெளிவாகப் பிரிந்து கேட்க வேண்டும். பிரிட்ஜ் (தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பாகம்) பக்கத்துப் பிக்கப் அதைத்தான் கொடுக்கும், மூக்கடியில் பேசுவது போன்ற ஒரு குரல். அந்தக் குரல் அன்று இல்லை. எங்கள் கீபோர்டு அண்ணன் இடைவேளையில் வந்து, "என்ன தம்பி, வேற பேஸா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். மூடிக்கு அடியில் இருந்தவற்றில் தந்திகளுக்குக் கீழே நிற்கும் குட்டைக் கம்பிகள் வெறும் இரும்பு, கீழே ஒரு செராமிக் காந்தப் பட்டையை ஒட்டியிருந்தார்கள். மாமாவின் பிக்கப்புகளில் எட்டுக் கம்பிகளுமே அல்னிகோ காந்தம், கீழ்ப்பலகை சாம்பல் நிறம். மூடி சரியாகப் பொருந்தாததால் உள்ளே டேப் சுற்றி இறுக்கியிருந்தார்கள். ஈயப் பற்றுகள் புதிதாக மின்னின. வால்யூம் கண்ட்ரோல்களைத் தொடவில்லை. அவற்றின் முதுகில் 137 என்று தொடங்கும் எண் அப்படியே இருக்கிறது (137 என்றால் அவற்றைச் செய்த சிடிஎஸ் நிறுவனம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி இரண்டு வாரம்). எதை விற்றால் காசு வரும் என்று தெரிந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

கடைக்குப் போனேன். முதலில், "உங்க பிக்கப் அப்படியேதான் இருக்கு பிரதர்" என்றார் உரிமையாளர். படத்தைக் காட்டினேன். "ஓ, அதுவா, ஒண்ணு செத்துப்போயிருந்தது, ஜோடியா மாத்தினோம், போனில் சொன்னோமே" என்றார். எந்தப் போனும் வரவில்லை. சரி, செத்துப்போன பிக்கப்பைக் கொடுங்கள் என்றேன். "பழசைக் குப்பையில் போட்டுட்டோம்." 1978ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் பிக்கப்பைக் குப்பையில் போடும் பழுதுபார்ப்பவர் உலகத்தில் எங்கேயும் கிடையாது. சுருள் அறுந்திருந்தாலும் புதிதாகச் சுற்றிக்கொள்ளலாம் என்று காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. அதோடு கடைக்குக் கொண்டுபோன அன்று இரண்டுமே ஒலித்தன. லெனேசியாவில் வாசித்த ஒலிப்பதிவுகள் என்னிடம் இருக்கின்றன.

இந்த இடத்தில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பலருக்கு இது தெரியாததால்தான் எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி, பழுதுபார்க்கும்போது கழற்றிய பாகங்களைத் தனியே எடுத்துவைத்து நம்மிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. வேண்டாம் என்று நாம் சொன்னால்தான் அவர் வைத்துக்கொள்ளலாம். 65ஆம் பிரிவு, நம் பொருள் அவர் கையில் இருக்கும்போது அதைத் தன் சொத்துபோல நடத்தக் கூடாது என்கிறது. மதிப்பீட்டுக்கும் முன் சம்மதத்துக்கும் 15ஆம் பிரிவு. 57ஆம் பிரிவின்படி புதிதாகப் போட்ட பாகத்துக்குக் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு. இவற்றை எழுதி, 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுத்தேன். கடிதம் போன பிறகு 1,850 ராண்டைத் திருப்பித் தருவதாகச் செய்தி அனுப்பினார்கள். பிக்கப்பைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. பணத்தை ஏற்றால் விஷயம் முடிந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரைக்கும் வழக்கு போடலாம், வக்கீல் தேவையில்லை, வைத்துக்கொள்ளவும் முடியாது. அதற்கான தாள்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எந்தக் கடையாக இருந்தாலும், எத்தனை வருடப் பழக்கம் என்றாலும், கொடுக்கும் முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். மலிவான மீட்டர் போதும். கேபிளை பேஸில் செருகி, மறுமுனை பிளக்கின் நுனியிலும் உடம்பிலும் மீட்டரின் இரண்டு முனைகளை வையுங்கள். ஜாஸ் பேஸில் ஒரு வால்யூமை முழுதாகத் திறந்து மற்றதை மூடினால் அந்தப் பிக்கப்பின் மின்தடை அளவு தெரியும். பழைய ஜாஸ் பேஸில் பெரும்பாலும் ஏழு கிலோ ஓம் பக்கத்தில் நிற்கும். இரண்டையும் திறந்தால் ஏறக்குறைய பாதி. ஃபெண்டரின் இன்னொரு வகையான பிரிசிஷன் பேஸில் பத்து, பதினொன்று வரும். மீட்டரில் தெரியும் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே, காசு கொடுப்பதற்கு முன், மறுபடியும் அளந்து பாருங்கள். வெயில் நாளில் செம்புக் கம்பியின் மின்தடை கொஞ்சம் கூடும், அது இயல்பு. ஏழு இருந்த இடத்தில் ஐந்தோ ஒன்பதோ காட்டினால் அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். மியூசிக் மேன் ஸ்டிங்ரே மாதிரி பேட்டரியில் ஓடும் பேஸ்களில் இப்படி வெளியிலிருந்து அளக்க முடியாது. அவற்றைத் திறந்து உள்ளே படம் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

படம் எடுக்கும்போது முன்பக்கம் மட்டும் போதாது. பிக்கப்பின் அடிப்பக்கம், கண்ட்ரோல் தகட்டின் உள்பக்கம், நெக்கின் அடிமுனை, தலையில் உள்ள வரிசை எண், எல்லாம் வேண்டும். திறக்கப் பயமாக இருந்தால் தெரிந்த ஒரு வாத்தியக்காரரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஜாப் கார்டில் (கடைக்காரர் எழுதும் வேலைச் சீட்டில்) என்ன வேலை, என்ன பாகங்கள் உள்ளே இருக்கின்றன, கழற்றியதைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். அவருக்கும் அதுதான் பாதுகாப்பு. வேலையை ஆம்பில் கேட்கும்போது இரண்டு வால்யூமையும் திறந்து ஹம் அடங்குகிறதா என்று பாருங்கள், சின்ன ஆம்பாக இருந்தாலும் அது தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாமா அந்தப் பிக்கப்புகளின் சாம்பல் நிறக் கீழ்ப்பலகையில், அத்தையின் சிவப்பு நகப்பூச்சால், இரண்டிலும் ஒரு சின்ன வேல் வரைந்திருக்கிறார். நான் முன்பு எடுத்த படங்களில் அது தெளிவாக இருக்கிறது, காவல் நிலையத்திலும் அந்தப் படங்களைக் கொடுத்திருக்கிறேன். டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க் பக்கமோ எழுபதுகளின் ஜாஸ் பேஸ் பிக்கப் ஜோடி என்று மூடி இல்லாமல் யாராவது விற்க வந்தால், வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள். வேல் இருந்தால் படம் எடுத்து, விற்கிறவரிடம் ஒன்றும் சொல்லாமல், உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் தகவல் கொடுங்கள். எனக்கும் இங்கே எழுதுங்கள், புகார் எண்ணை உடனே அனுப்புகிறேன்.